முதல் மணியிலேயே எடுக்கிறவர்

என் தங்கை புருஷனின் ஃபோன் இரண்டாவது மணி அடித்து நான் கேட்டதே இல்லை. முதல் மணி நம் காதில் விழுந்து, யாருடையது என்று நாம் திரும்புவதற்குள் அவர் பேசிக்கொண்டிருப்பார். கல்யாண வீடு, சாவு வீடு என்ற பேதமெல்லாம் கிடையாது. ஒருமுறை டாக்டர் அவர் நெஞ்சில் குழாயை வைத்து மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். மூச்சைப் பிடித்தபடியே ஃபோனை எடுத்திருக்கிறார் மனுஷன்.

எடுத்ததும் 'ஹலோ' சொல்ல மாட்டார். யார் என்றும் கேட்க மாட்டார். "சரி, சரி. நான் இருக்கேன். சொல்லுங்க" என்பார். எதிர்ப்பக்கம் இன்னும் வாயே திறந்திருக்காது. அவருக்குச் 'சரிசரி' என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். என் பிள்ளைகள் அதைச் 'சரிசரி மாமா' என்று ஆக்கிவிட்டார்கள். அதற்கும் அவர் சரி என்றுதான் சொன்னார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருடம் மாடாக உழைத்துவிட்டு, அந்தக் கம்பெனி இழுத்து மூடப்பட்டதும் தனியாகத் தொழில் செய்ய ஆரம்பித்தார். புது லிஃப்ட்டுகளை யாரும் அவரிடம் கொடுப்பதில்லை. செய்த கம்பெனியே இல்லாமல் போன பழைய லிஃப்ட்டுகள், உதிரிப் பாகம் எங்கேயும் கிடைக்காதவை, மழை பெய்தால் மக்கர் பண்ணுபவை, இவைதான் அவர் கணக்கு. ஊர் முழுக்க முப்பத்துநான்கு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னப் பெட்டி பொருத்தியிருந்தார். அதில் ஒரே ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் நேராக அவர் ஃபோனுக்கு மணி போகும். அதற்குக் கீழே ஒரு தகரப் பட்டை. அதில் அவருடைய எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சுத்தியலால் அடித்துப் பதித்திருந்தார். பெயின்ட் என்றால் உரிந்துவிடும், ஸ்டிக்கர் என்றால் பிள்ளைகள் கிழித்துவிடும் என்பார். பத்தொன்பது வருடமாக அதே எண்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். நாள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் 'இது தெளிவா, அது தெளிவா' என்று கேட்பது என் பிழைப்பு. அதனால் வெளியே சுற்றுகிற அவர் வேலையைப் பற்றிக் கேட்பதில் எனக்கு ஆசை உண்டு. ஒருநாள் கேட்டேன்: "ஏன் மாப்பிள்ளை, யார் என்ன சொன்னாலும் சரிங்கறீங்களே, உங்களுக்குன்னு ஒரு வாய் கிடையாதா?"

அவர் சிரிக்கவில்லை. "பெட்டிக்குள்ள மாட்டினவங்ககிட்ட மறுத்து மட்டும் பேசக் கூடாது மச்சான். காத்தே வரலன்னு கத்துவாங்க. காத்து நல்லாத்தான் வரும், நாலு பக்கமும் ஓட்டை இருக்கு. ஆனா 'வருதும்மா'ன்னு நான் சொன்னா அவங்களுக்கு இன்னும் மூச்சு முட்டும். 'சரிம்மா, காத்து வரல, நான் கிளம்பிட்டேன்'னு சொல்லிப் பாருங்க, மூச்சு தானா சீராயிடும். ஒருத்தன் நம்ம பேச்சைக் கேக்கறான்னு தெரிஞ்சா போதும். பாதிப் பயம் போயிடும்."

"நான் செத்துடுவேன்னு சொன்னா?"

"சரிம்மா, நான் வர்ற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்குங்கன்னு சொல்வேன்" என்றார். இதற்கு மட்டும் லேசாகச் சிரித்தார்.

அவருடைய முப்பத்துநான்கில் ஒன்று, பழைய தபால் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஆறு மாடிக் கட்டடத்தில் இருந்தது. சுவரில் விரிசல் விழுந்து, இடிக்கப் போகிறோம் என்று நோட்டீஸ் ஒட்டியதும், குடியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலி செய்துகொண்டிருந்தார்கள். மிச்சம் மூன்று வீடுகள். ஐந்தாவது மாடியில் ஒரு தையலம்மா தனியாக இருந்தார். எழுபதைத் தாண்டியவர். ஜிப் மாற்றுவது, பட்டன் வைப்பது, பள்ளிச் சீருடைக்கு நீளம் கூட்டிக் குறைப்பது அவர் வேலை. சர்க்கரை வியாதிக்கு நாளுக்கு இரண்டு ஊசி. முழங்கால் இரண்டும் போய்விட்டதால் படி இறங்க முடியாது. வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த கைப்பேசி எந்நேரமும் அலமாரியில் சார்ஜில் கிடக்கும்.

இரண்டு வருடம் முன்பு அந்தம்மா லிஃப்ட்டில் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டார். ஊரின் அந்தக் கோடியிலிருந்து என் மாப்பிள்ளை ஸ்கூட்டரில் போய்ச் சேரும்வரை ஃபோனை வைக்காமல் பேசிக்கொண்டே போயிருக்கிறார். வெளியே வந்த அந்தம்மா, இனி செத்தாலும் இதில் ஏற மாட்டேன் என்று அழுதிருக்கிறார். அப்போது இவர் வாக்குக் கொடுத்தார்: "பொத்தானை அழுத்துங்கம்மா. நான் எடுப்பேன். எடுக்கலன்னா செருப்பைக் கழட்டி அடிங்க." அந்தம்மா அதை நம்பித்தான் மறுபடி லிஃப்ட்டில் ஏறினார்.

இப்படிப்பட்டவருடைய ஃபோனுக்குத்தான் அந்த அழைப்புகள் வர ஆரம்பித்தன. செல்ஃபோன் பிளான் விற்கிறவர்கள். மூன்று மாதம் பாதிக் கட்டணம், ஆறு மாதம் அளவில்லா டேட்டா, அதே எண், புதுக் கம்பெனி, வேண்டுமா சார்? எனக்கும் வருவதுதான். எனக்குப் பிறவியிலேயே வாய்த்துடுக்கு. பிளான் மாத்திக்கறீங்களா என்று கேட்டவளிடம், "இருபத்தஞ்சு வருஷமா பொண்டாட்டியையே மாத்தலம்மா, பிளானை எங்க மாத்தறது" என்று சொல்லி வைத்திருக்கிறேன். பக்கத்தில் நின்ற என் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அந்தப் பேச்சையும் விட்டேன். 'வணக்கம்' என்று சர்க்கரையாக ஒரு குரல் வந்தாலே போதும், துண்டித்துவிடுவேன். இரண்டு நொடி. கடையில் இருக்கிறவர்கள் முன்னால் அதைப் பெருமையாகவே செய்வேன்.

என் மாப்பிள்ளையால் அது முடியாது. அந்தச் சிவப்புப் பொத்தானிலிருந்து வரும் அழைப்பு ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு எண்ணைக் காட்டும். சில நேரம் எண்ணே காட்டாது. திருப்பிக் கூப்பிடவும் முடியாது. விற்கிறவர்களுடைய அழைப்பும் அச்சாக அப்படியே வரும். "தெரியாத நம்பரை எடுக்காதீங்க மாப்பிள்ளை" என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டால், "எனக்கு வர்றது எல்லாமே தெரியாத நம்பர்தானே மச்சான்" என்பார். பதில் இல்லாதபோது எனக்குக் கோபம்தான் வரும்.

கண்ணாடி மாற்ற வந்த ஒரு பெண், இதேபோல் ஃபோனில் விற்கும் ஒரு ஆஃபீஸில் முன்பு வேலை பார்த்தவள். லென்ஸ் மாட்டும்வரை பேச்சுக்கொடுத்தேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "முதல் ரிங்லயே எடுக்கறவங்கன்னா எங்களுக்குக் கொண்டாட்டம் சார். அவங்களுக்குத் தனி லிஸ்ட். அதுலயும் பேச்சுக்கு நடுவுல சரி சரின்னு சொல்றவங்க இருப்பாங்க பாருங்க, அவங்களை விடவே மாட்டோம். ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கூப்பிட்டுட்டே இருப்போம். எப்பவாவது ஒரு சரி நாங்க கேட்ட இடத்துல வந்து விழும்."

அன்று மாலையே தங்கை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஃபோன் வந்தது. எடுத்தார். "சரி, சரி. நான் இருக்கேன். சொல்லுங்க." பிளான்காரி. இந்த முறை அவள் அவரைப் பெயர் சொல்லியே கூப்பிட்டாளாம். முன்பெல்லாம் வெறும் 'சார்'தான். அதற்கடுத்த வாரம் வந்த குரலுக்கு, அவர் எந்தக் கம்பெனியின் எந்தப் பிளானில் இருக்கிறார் என்பது தெரிந்திருந்தது. அதற்கும் அடுத்த வாரம், "உங்க பிளான் வர்ற திங்கக்கிழமை முடியுதில்லையா சார்" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். அவருக்கே அது தெரியாது. எடுத்துப் பார்த்தால் திங்கட்கிழமைதான்.

"இதெல்லாம் அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று என் தங்கை கேட்டாள்.

"கம்பெனிக்காரங்கதானே, தெரியாம இருக்குமா" என்றார்.

"அது உங்க கம்பெனி இல்லையே!"

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நாளைக்குப் பத்து, பதினொன்று என்று அழைப்பு வந்தது. நடுநடுவே உண்மையாகவே மாட்டிக்கொண்டவர்களும் கூப்பிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே குரலில் ஒரே பதில். எனக்கென்னவோ யாரோ ஒருத்தர் அவர் வீட்டைச் சுற்றி வந்து ஒவ்வொரு ஜன்னலாகத் தள்ளிப் பார்ப்பது போலவே இருந்தது.

திங்கட்கிழமை நடந்ததை அவர் அன்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நர்ஸிங் ஹோம் லிஃப்ட்டின் தலையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்திருக்கிறார். இரண்டு கையிலும் கிரீஸ். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்திருக்கிறார். மணி அடித்தது. முழங்கையால் எடுத்தார். பேசியது ஒரு பெண். பேச ஆரம்பித்தவள் நடுவில் அழுதுவிட்டாள். "இன்னைக்கு ஒருத்தரையாவது சேர்க்கலன்னா வேலையை விட்டு நிறுத்திடுவாங்க சார். காலையிலருந்து எழுந்திருக்கவே விடல. ஏசிகூட இல்ல, மூச்சு முட்டுது சார்."

மூச்சு முட்டுகிறது என்ற அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. பத்தொன்பது வருடப் பழக்கம் வேலையைத் தொடங்கிவிட்டது. "சரிம்மா. சரி. அழாதீங்க. நான் இருக்கேன். மெதுவா மூச்சு விடுங்க." அவள் கேட்டாள், சம்மதமா சார் என்று. "சரிம்மா, சம்மதம்." ஃபோனில் ஒரு ஆறு இலக்க எண் வந்திருக்கும், அதைப் படித்துச் சொல்லுங்கள் என்றாள். கிரீஸ் விரலால் திரையைத் தொடாமல் குனிந்து படித்துச் சொன்னார். அவள் அழுகை நின்றது. நன்றி சார் என்று வைத்துவிட்டாள். ஒருத்தரைக் கீழே பத்திரமாக இறக்கிவிட்ட திருப்தியில் இவர் மறுபடி ஸ்பேனரை எடுத்தார்.

அவள் அழுதது நடிப்பா, நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நடிப்பாக இருந்தால் அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். நிஜமாக இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. நிஜமாக இருக்குமோ என்ற நினைப்புதான் எனக்கு அதிகப் பயம்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என் கடை ஷட்டர் பாதிக்கு மேல் ஏறாமல் மக்கர் பண்ணியது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். மணியே போகவில்லை. "வணக்கம்!" என்று ஒரு பெண் குரல், சர்க்கரைப் பாகாக. பட்டென்று துண்டித்தேன். கடையில் இருந்தவரிடம், "பாத்தீங்களா சார், இப்பல்லாம் ரிங் போறதுக்கு முன்னாடியே விளம்பரம் போடறானுங்க. நாம உஷாரா இருக்கணும்" என்றேன். அவரும் தலையாட்டினார். ஷட்டரை நானே தட்டிக்கொட்டிச் சரி பண்ணிக்கொண்டேன். எனக்கு அன்று வேலையும் அதிகம். இரண்டாம் தடவை கூப்பிடவில்லை.

இரண்டு மணி வாக்கில் தங்கை என்னைக் கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "அண்ணா, இன்னைக்கு ஒரு அதிசயம். உங்க மாப்பிள்ளை முழுச் சாப்பாட்டையும் உட்கார்ந்த இடத்துல உட்கார்ந்து சாப்பிட்டார். காலையிலருந்து ஒரு கால்கூட வரல. கல்யாணமாகி இப்படி நடந்ததே இல்ல!"

"அவருக்கும் ஒரு நாள் லீவு வேண்டாமா" என்று நானும் சிரித்தேன்.

மூன்றரை மணி இருக்கும். ஒரு லென்ஸை ஃப்ரேமில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். முப்பத்துநான்கு பழைய லிஃப்ட்டுகள், ஒன்றில்கூட யாரும் மாட்டவில்லை, சரி, நல்ல நாள் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஒரு நாளைக்குப் பதினொரு தடவை கூப்பிடுகிற அந்தப் பிளான்காரர்களுக்கு என்ன ஆயிற்று? அவர்களுமா லீவு? அவர்கள் ஏன் நிறுத்தினார்கள்? லென்ஸ் என் கையிலேயே உடைந்தது.

மறுபடி கூப்பிட்டேன். அதே 'வணக்கம்'. இந்தத் தடவை ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டேன்.

"வணக்கம்! நீங்கள் அழைத்த எண் இப்போது எங்கள் குடும்பத்தில் இணைந்துகொண்டிருக்கிறது. மூன்று நாட்களுக்கு இந்த எண்ணுக்கு அழைப்புகள் சென்று சேராது. இதே சலுகையை நீங்களும் பெற விரும்பினால், ஒன்றை அழுத்துங்கள்."

காலை பத்து மணிக்கே இது என் காதுக்கு வந்தது. இரண்டாவது வாக்கியம்வரை பொறுத்திருந்தால் போதும், அப்போதே தெரிந்திருக்கும். நான்தான் உஷாரானவன் ஆயிற்றே.

மாப்பிள்ளை இருக்கும் இடத்தைத் தங்கையிடம் கேட்டுக்கொண்டு, ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு நர்ஸிங் ஹோமுக்குப் போனேன். மாப்பிள்ளை புதுக் கம்பிக் கயிறு மாட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்துப் பார்த்தார். சிக்னல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. "நேத்து அழுத பொண்ணு" என்றார். அப்போதுதான் எனக்குத் திங்கட்கிழமைக் கதை தெரியும்.

"வாங்க, அந்தக் கம்பெனி கடைக்குப் போவோம். உடனே பழையபடி மாத்தச் சொல்லுவோம்" என்றேன்.

"மச்சான், லிஃப்ட்டுங்களை முதல்ல..."

"நம்பர் வந்துட்டா எல்லாம் வந்துடும். அஞ்சு நிமிஷம்!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

ஐந்து நிமிடம் நாற்பது நிமிடம் ஆனது. கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, டோக்கன் எண். கவுன்டரில் இருந்த பெண்ணிடம் நான் கத்தினேன். அவள் கோபப்படவே இல்லை. "சார் சம்மதம் சொன்ன ரெக்கார்டிங் இருக்கே சார்" என்று போட்டுக் காட்டினாள். "சம்மதமா சார்?" "சரிம்மா, சம்மதம்." அவ்வளவுதான் அதில் இருந்தது. அதற்கு முன்னால் இருந்த அழுகையை யாரோ நறுக்காக வெட்டியிருந்தார்கள். மாற்றம் ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது, மூன்றாம் நாள் கூரியரில் சிம் வரும் என்றாள். நான் மேனேஜரைக் கூப்பிடு என்றேன். மேனேஜர் வந்தார். அவரிடமும் கத்தினேன். எனக்கு அந்த வாதத்தில் ஜெயித்தாக வேண்டும் என்று இருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் மாப்பிள்ளை என் சட்டையைப் பிடித்து, "மச்சான், லிஃப்ட்டு. மச்சான், போலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வெளியே வரும்போது மணி ஐந்தாகப் போகிறது. பெட்டிகள் எல்லாம் செத்துப்போன எண்ணையே கூப்பிடும். ஒவ்வொன்றையும் கழற்றி மாற்ற நேரமில்லை. அதனால் ஒவ்வொரு கட்டடமாகப் போய், உள்ளே யாரும் இல்லை என்று பார்த்து, லிஃப்ட்டை அணைத்துவிடுவது என்று முடிவு செய்தோம். கதவில் என் கடை எண்ணை எழுதி ஒட்டினோம். நோயாளிகள் இருக்கும் இடங்கள் முதலில், பிறகு ஆள் நடமாட்டம் அதிகமுள்ள ஆஃபீஸ் கட்டடங்கள், பிறகு பெரிய குடியிருப்புகள். முக்கால்வாசியை அவர் தனக்குத் தெரிந்த காவலாளிகளை என் ஃபோனில் கூப்பிட்டு அணைக்கச் சொன்னார். மீதிக்கு நாங்களே ஓடினோம். ஒரு கட்டடத்தில் பீரோவோடு நின்ற ஒருத்தர், "இப்ப நான் இதை ஏழாவது மாடிக்கு உங்க தலையில வெச்சா ஏத்தறது?" என்று சண்டைக்கு வந்தார். எங்கேயும் யாரும் மாட்டியிருக்கவில்லை. ஒவ்வொரு கட்டடமும் காலியாக இருக்க இருக்க எனக்குத் தெம்பு வந்தது. அவர் மட்டும் அடுத்த கட்டடத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பழைய தபால் நிலையத்துக் கட்டடம் கடைசி. மூன்றே வீடு, அதில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. "தையலம்மா புதன்கிழமைதான் கீழே வருவாங்க" என்றார். அதனால் கடைசி. அந்தக் கணக்கில் தப்பு ஒன்றும் இல்லை. யார் போட்டிருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள். அன்று அந்தம்மாவுக்கு நூல் தீர்ந்துபோனது யாருக்குத் தெரியும்?

ஆறரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பக்கத்து மனையில் அப்போதுதான் டிரில்லிங் மெஷினை நிறுத்திவிட்டு ஆட்கள் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் அந்தக் கட்டடத்தின் அமைதி காதை அடைத்தது. லிஃப்ட் கதவின் மேலே இரண்டாம் மாடி விளக்கும் மூன்றாம் மாடி விளக்கும் மாறி மாறி மினுங்கின. மாப்பிள்ளை கதவில் காதை வைத்தார். நானும் வைத்தேன்.

மேலேயிருந்து, லிஃப்ட் ஏறி இறங்கும் அந்த இருட்டுக் குழிக்குள்ளிருந்து, ஒரு பெண் குரல் மெல்லியதாகக் கேட்டது.

"வணக்கம்! நீங்கள் அழைத்த எண் இப்போது எங்கள் குடும்பத்தில்..."

அது முடிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடி, "வணக்கம்!"

அவர் படிகளில் ஓடினார். ஐம்பத்திரண்டு வயது மனிதர், ஆறு மாடி, மொட்டைமாடியில் இருக்கும் மெஷின் ரூம்வரை. நான் இரண்டாம் மாடிக் கதவைத் தட்டிக்கொண்டு, "அம்மா, வந்துட்டோம்மா! ஆள் வந்தாச்சு!" என்று கத்தினேன். எனக்குப் பதில் சொன்னது அந்தச் சர்க்கரைக் குரல்தான். மேலே அவர் பிரேக்கை விடுவித்துக் கையால் சக்கரத்தைச் சுற்றச் சுற்ற, லிஃப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கியது. பிறகு அவரே கீழே ஓடி வந்து, முக்கோணச் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார்.

தையலம்மா பெட்டிக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உள்ளே அனலடித்தது. புடவை நனைந்திருந்தது. ஒரு கை மேலே தூக்கியபடி சிவப்புப் பொத்தானில் இருந்தது. கதவு திறந்தது அவருக்கு உறைக்கவில்லை. எங்கள் கண் முன்னாலேயே இன்னொரு தடவை அழுத்தினார். மாப்பிள்ளை மண்டியிட்டு அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்தம்மா அவரைப் பார்த்தார். தொண்டை முழுக்கக் கிழிந்திருந்தது. "தம்பியா? காலையில ஒம்போது மணிக்கு ஏறினேன்பா. யாரோ ஒரு பொண்ணு எடுக்கறா. ரொம்ப நல்லா பேசறா. நான் சொல்றதைத்தான் கேக்கவே மாட்டேங்கறா." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "ஒன்னை அழுத்துன்னு சொன்னா. இதுல இருக்கறதே ஒன்னுதானே. அழுத்திக்கிட்டே இருந்தேன்."

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். ஒரு சத்தமும் வரவில்லை. நான்தான், "வாங்கம்மா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன்.

ஒன்பதரை மணி நேரம். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, சாப்பாடு இல்லை, ஊசி இல்லை. மூன்றாம் நாள் கூரியரில் சிம் வந்தது. கூடவே வழவழப்பான தாளில் வரவேற்புக் கடிதம். நான்காம் நாள் விடியும்போது தையலம்மா போய்விட்டார். சர்க்கரை, சிறுநீரகம், வயது என்று டாக்டர் எழுதினார். லிஃப்ட் என்றோ ஃபோன் என்றோ அந்தத் தாளில் ஒரு எழுத்து கிடையாது. வெளிநாட்டிலிருந்து வந்த மகன் மாப்பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கடைசி வரைக்கும் கூட இருந்தீங்களாமே என்று நன்றி சொன்னான். அவன் திட்டியிருந்தால், அடித்திருந்தால்கூடத் தேவலை என்று எனக்கு இருந்தது.

நடந்ததை மாப்பிள்ளை மறைக்கவில்லை. அந்த மகனிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவன் கேட்டுக்கொண்டான். "விடுங்க சார், எல்லாருக்கும் வர்ற கால்தானே" என்றான்.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். முப்பத்துமூன்று லிஃப்ட்டுகள். எண் அவரிடம் இருக்கிறது. ஆனால் மணி அடித்தால் அவர் கை உடனே போவதில்லை. ஃபோனை எடுத்து, திரையைப் பார்க்கிறார். இரண்டு மணி, மூன்று மணி. என் தங்கை, நான், என் பிள்ளைகள், எல்லாரும் சேர்ந்து சொல்லிச் சொல்லி வரவழைத்த ஜாக்கிரதை அது. யாராக இருக்கும் என்று யோசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். எங்களுக்கு அது நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை. அந்த மூன்று மணியும் அடிக்கும்வரை எங்கள் வீட்டில் ஒருத்தரும் மூச்சு விடுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். ஃபோன் அடித்தது. எண் காட்டவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான்காவது மணி. தங்கை கரண்டியோடு நின்றுவிட்டாள். ஐந்தாவது மணியில் அவர் விரல் திரைக்குப் போனது, அதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

பிளான் விற்கிறவர்களாக இருக்கலாம். பத்தில் ஒன்பது பங்கு அவர்கள்தான். விற்கிறவர்களோ, லிஃப்ட்டில் மாட்டினவர்களோ, இரண்டு தரப்பையும் திருப்பிக் கூப்பிட முடியாது. விடுங்க மாப்பிள்ளை, விளம்பரமா இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அன்றைக்கு என் கடையில் நின்று நான் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். சொல்லவில்லை. அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார், முக்கோணச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். நானும் எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

"நர்ஸிங் ஹோம்லருந்து ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டேன்.

"ஆளே இல்லாத கட்டடத்துலருந்து ஆரம்பிக்கலாம் மச்சான்" என்றார்.